நெஞ்சுச் சளிக்கு எந்த மாத்திரை உயர்ந்தது?

சென்ற மழைக்காலத்தில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கியபடி அருகில் வந்தான்.

"சார், எங்க அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தார். மூணு நாள் ஆச்சு, இருமல் நிக்கலை. மருந்துக்கடைக்காரர், 'அது பழைய மருந்து, அசித்ரோமைசின்தான் பவர்'னு சொல்லி அதைக் கொடுத்துட்டார். ரெண்டுல எது சார் நல்லது?"

நல்ல கேள்வி. ஆனால் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடனை இங்கே தீர்க்கப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நெஞ்சுச் சளிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த இரண்டு மாத்திரைகளுமே தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிற சிலருக்கு, பழையதும் மலிவானதுமான அமாக்சிசிலினையே முதலில் நாடுவது முறை. 'பவர்' என்ற அளவுகோலோ அறிவியலில் இல்லாத ஒன்று. இதற்கெல்லாம் என்ன ஆதாரம் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பீர்கள் என்று நம்பியே மேலே எழுதுகிறேன்.

நெஞ்சுச் சளி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே நோயன்று. மூச்சுக்குழல் மார்புக்குள் இறங்கி இரண்டாகப் பிரிந்து, பின்னர் மரக்கிளைகளைப் போலப் பலவாகப் பிரிந்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. கிளைக்குழல்களின் உட்சுவர் மட்டும் வீங்கிச் சளி சுரந்தால் அது மூச்சுக்கிளைக்குழல் அழற்சி. இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது வைரஸ்களே. நுண்ணறைகளிலேயே நீரும் சீழும் நிறைந்து, காற்று புக வேண்டிய இடம் அடைபட்டுப் போனால் அது நிமோனியா. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. முன்னது நம்மைத் தொல்லைப்படுத்திவிட்டுத் தானே போய்விடும். பின்னது ஆளைக் கொல்லக் கூடியது.

ஆன்டிபயாட்டிக் என்னும் எதிர் உயிரி மருந்து பாக்டீரியாவைத்தான் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. "சளி மஞ்சளாக வருகிறதே, பச்சையாக வருகிறதே, அப்படியானால் பாக்டீரியாதானே?" என்று பலர் கேட்பர். அன்று. நோயை எதிர்க்கப் படையெடுத்து வந்த நம் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள நொதி ஒன்று இருக்கிறது. அவை மடிந்து சளியோடு கலப்பதால் வரும் நிறம் அது. எதிரி வைரஸாக இருந்தாலும் அந்த நிறம் வரும்.

இனி மாத்திரைகளைப் பார்ப்போம். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலினை முதலில் ஊசி மூலமாகவே செலுத்தினர். வாய்வழியே கொடுத்தால் இரைப்பை அமிலம் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அமிலத்தைத் தாங்கும்படி அந்த மூலக்கூறைச் சற்றே மாற்றியமைக்க வேதியியலார் பல ஆண்டுகள் பாடுபட்டனர். 1961இல் ஆம்பிசிலின் வந்தது. 1972இல் அதைவிட நன்றாகக் குடலில் உறிஞ்சப்படும் அமாக்சிசிலின் வந்தது. இந்தக் குடும்பம் முழுவதும் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. நம் உடற்செல்களுக்குச் செல்சுவர் கிடையாது. ஆகவே ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர ஏனையோருக்கு இம்மருந்து பெருந்தீங்கு செய்வதில்லை.

எரித்ரோமைசின் வேறு வழியில் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோய்லோ பகுதியில் அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் 1949இல் மண் மாதிரி ஒன்றை எடுத்து அமெரிக்க மருந்து நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து 1952இல் விற்பனைக்கு வந்தது. (அதன் வருவாயில் அகிலாருக்குப் பங்கு ஏதும் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை.) இது செல்சுவரை விட்டுவிட்டு, பாக்டீரியா புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமைத் தாக்குகிறது. ஆனால் வயிற்றைப் புரட்டும். 1980இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரில் வேதியியலார் அதன் வளையத்தில் நைட்ரஜன் அணு ஒன்றைச் சேர்த்து அசித்ரோமைசினை உண்டாக்கினர். இது திசுக்களில் தேங்கி மெல்ல மெல்ல வெளியேறும். உடலில் இருப்பது பாதியாகக் குறையவே மூன்று நாள்வரை ஆகும். மூன்று நாள் மட்டும் விழுங்கினால் போதும் என்ற வசதி இதனால் வந்தது. அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு, பிறகு வருகிறேன்.

டாக்சிசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூத்த பிள்ளையான ஆரியோமைசினைப் பெஞ்சமின் டகர் அமெரிக்காவில் கண்டறிந்தபோது, அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கடைசியாக லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுவினோலோன்கள். இவை மண்ணிலிருந்து வரவில்லை. முழுக்க முழுக்க மனிதன் சமைத்தவை. பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை முறுக்கவும் அவிழ்க்கவும் பயன்படுத்தும் நொதிகளை இவை முடக்குகின்றன.

ஆக, தாக்கும் இடங்கள் வேறு வேறு. எது உயர்ந்தது என்று எப்படி முடிவு செய்வது?

"என் மாமா சாப்பிட்டார், ஐந்தாம் நாள் எழுந்து நடந்தார்" என்று ஒருவர் சொல்வார். மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் மருந்தில்லாமல் இருந்தால் அவர் எந்த நாளில் எழுந்து நடந்திருப்பார் என்பது நமக்குத் தெரியாதே! மூச்சுக்கிளைக்குழல் அழற்சியில் இருமல் எத்தனை நாள் நீடிக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சராசரி ஏறத்தாழ 18 நாள். அதே கேள்வியைப் பொதுமக்களிடம் கேட்டபோது அவர்கள் சொன்ன விடை 7 முதல் 9 நாள். இந்த இடைவெளியில்தான் மருந்து வாணிகம் நடக்கிறது என்பேன். பத்தாம் நாள் பொறுமை போய்விடுகிறது. ஒரு மாத்திரையை விழுங்குகிறோம். பதினைந்தாம் நாள் இருமல் குறைகிறது. புகழ் மாத்திரைக்குப் போகிறது. அந்த மாணவனின் தந்தைக்கு மூன்றாம் நாளே பொறுமை போய்விட்டது. நாலாம் நாள் எந்த மருந்தை மாற்றியிருந்தாலும், கடைசியாக விழுங்கியதே வென்றதாகத் தோன்றியிருக்கும்.

இந்த மயக்கத்திலிருந்து தப்ப ஒரே வழி, ஒத்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு ஒன்றும் மறு அணிக்கு மற்றொன்றும் கொடுத்து எண்ணிப் பார்ப்பது. இம்முறையில் புகழ்பெற்ற முதல் ஆய்வும் நெஞ்சு நோய் பற்றியதே. 1948இல் வெளியான அந்த ஆய்வில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் 107 காசநோயாளிகளை இவ்வாறு பிரித்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். அதன்பின் நம் சென்னையிலேயே, 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளைப் பிரித்து, வீட்டிலிருந்தபடி மாத்திரை விழுங்குவோரையும் மருத்துவமனையில் தங்கி விழுங்குவோரையும் ஒப்பிட்டது. 1959இல் வெளிவந்த முடிவு, வீட்டிலிருந்தோர் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்பது. உலகெங்கும் காசநோய்ப் பாளையங்கள் மூடப்பட்டதில் அந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே முறையைச் சாதாரண நெஞ்சுச் சளிக்கும் கையாண்டிருக்கிறார்கள். 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, 12 நாடுகளில், நிமோனியா இருக்கும் என்ற ஐயம் இல்லாத 2,061 பெரியவர்களை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு அமாக்சிசிலின், நாளுக்கு மூன்று வேளையாக ஏழு நாள். மீதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யார் எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

தொல்லை எத்தனை நாள் நீடித்தது என்று பார்த்தால் இரு அணிக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் அப்படியே. நோய் முற்றியவர்கள் அல்லது புதுத் தொல்லை கண்டவர்கள் வெற்று மாத்திரை அணியில் 19.3 விழுக்காடு, மருந்து அணியில் 15.9 விழுக்காடு. ஆகவே மருந்து சிறிது உதவியிருக்கிறது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு ஆகியவை வெற்று மாத்திரை அணியில் 24 விழுக்காட்டினருக்கும், மருந்து அணியில் 28.7 விழுக்காட்டினருக்கும் வந்தன.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேறுபாடு 3.4. நூறை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 30. அதாவது 30 பேர் மருந்து விழுங்கினால் ஒருவருக்குப் பயன். இரண்டாம் வேறுபாடு 4.7. வகுத்தால் ஏறத்தாழ 21. அதாவது 21 பேர் விழுங்கினால் ஒருவருக்குப் புதுத் தொல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குதான். மாத்திரை அட்டையின் மேலேயே இந்த இரண்டு எண்களையும் அச்சிட வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டால் நான் கைதட்டுவேன். வெற்று மாத்திரை அணியில் இரண்டு பேரையும் மருந்து அணியில் ஒருவரையும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. யாரும் இறக்கவில்லை.

"சரி, நிமோனியாவே வந்துவிட்டால்?" அப்போது ஆன்டிபயாட்டிக் வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எந்த ஆன்டிபயாட்டிக் என்பதே வினா. வீட்டிலிருந்தபடி மாத்திரை விழுங்கும் நிமோனியா நோயாளிகள் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பினர் 2014இல் திரட்டினர். 11 ஆய்வுகள், 3,352 பேர். குணமாக்குவதில் ஒரு மருந்து மற்றொன்றைத் தெளிவாக வென்றது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. காரணம் சுவையானது. ஒவ்வோர் ஆய்வும் வேறு வேறு இரண்டு மருந்துகளை மோதவிட்டிருந்தது. இராமனும் கோபாலனும் ஒரு மைதானத்தில் ஓடினார்கள். சேகரும் முருகனும் வேறொரு மைதானத்தில் ஓடினார்கள். நால்வரில் முதல்வன் யார் என்றால் என்ன சொல்வது?

மருத்துவமனையில் சேர்ந்த, ஆனால் தீவிரப் பிரிவுக்குப் போகாத நிமோனியா நோயாளிகளை நெதர்லாந்தில் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டனர். அவர்கள் 2,283 பேர். பெனிசிலின் வகை மருந்துகளைத் தனியே கொடுப்பது ஒரு திட்டம்; அதோடு எரித்ரோமைசின் வகையைச் சேர்த்துக் கொடுப்பது இரண்டாவது; ஃப்ளோரோகுவினோலோன் கொடுப்பது மூன்றாவது. 90 நாளில் இறந்தோர் முறையே 9.0, 11.1, 8.8 விழுக்காடு. பழைய குடும்பம் தனியாகவே போட்டியில் தாக்குப்பிடித்தது. 'பவர்' எங்கே போயிற்று?

இவ்விடத்தில் உங்களை ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். புது மருந்து வரும்போது, 'பழையதைவிடச் சிறந்தது' என்று மெய்ப்பிப்பதற்குப் பதிலாக, 'பழையதற்குக் குறைந்ததன்று' என்று மட்டும் காட்டும் ஆய்வுகள் பெருகியிருக்கின்றன. கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் தானே குணமாகிவிடும் நோயில் இந்த ஒப்பீட்டைச் செய்தால் என்ன ஆகும்? மழை பெய்யாத நாளில் இரண்டு குடைகளைச் சோதிப்பதைப் போலாகும். ஒரு குடை நல்லது, மற்றொன்றில் நூறு ஓட்டை. இரண்டின் கீழும் நின்றவர்கள் நனையாமல் வீடு திரும்புவார்கள். "ஓட்டைக் குடையும் நல்ல குடைக்குக் குறைந்ததன்று" என்று அறிக்கை எழுதிவிடலாம்!

கற்பனை என்று எண்ண வேண்டா. டெலித்ரோமைசின் என்ற புது மாத்திரைக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூச்சுக்குழல் நோய்க்கும் சைனஸ் அழற்சிக்கும் நிமோனியாவுக்கும் என மூன்றுக்கும். 2006இல் அதை விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதுபட்டது வெளிவந்தது. 2007இல் முதல் இரண்டு நோய்களுக்கான அனுமதியை அரசு திரும்பப் பெற்றது. பின்னர் மருந்தே சந்தையிலிருந்து மறைந்தது. தானே ஆறிவிடக் கூடிய சளிக்காகச் சிலர் கல்லீரலைக் கொடுத்தார்கள்.

ஆகவே குணமாக்குவதில் மருந்துகள் ஏறத்தாழச் சமம் என்றால், தராசில் வேறு கற்களைப் போட்டே எடை பார்க்க வேண்டும். பக்கவிளைவு ஒரு கல், விலை ஒரு கல், நாளைய நோயாளிகளுக்கு அம்மருந்து மிஞ்சுமா என்பது மிகப் பெரிய கல்.

அசித்ரோமைசினின் வசதிக்கு ஒரு விலை உண்டு என்றேன் அல்லவா? 2007இல் வெளியான ஆய்வில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆய்வாளர்கள் நோயே இல்லாத 224 தொண்டர்களை எடுத்துக்கொண்டனர். ஓர் அணிக்கு அசித்ரோமைசின், ஓர் அணிக்கு அதன் உறவான கிளாரித்ரோமைசின், ஓர் அணிக்கு வெற்று மாத்திரை. பிறகு அவர்கள் தொண்டையில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைத் துடைத்தெடுத்துப் பார்த்தனர். மருந்தை எதிர்க்கவல்லவற்றின் பங்கு சில நாளிலேயே ஏறத்தாழ 50 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் முழுமையாகத் தணியவில்லை. ஒரே ஒரு முறை விழுங்கியதன் தடம் அது. மெல்ல வெளியேறும் மருந்து, கொல்வதற்குப் போதாமல் பழக்குவதற்குப் போதுமான அளவில் பல நாள் உடலில் தங்குகிறது.

பிளெமிங் இதை முன்பே கண்டார். 1945இல் நோபல் பரிசுச் சொற்பொழிவில் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். தொண்டைவலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் விழுங்குகிறார், அவரிடமிருந்து எதிர்ப்பு பெற்ற கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, நிமோனியா வருகிறது, பெனிசிலின் பலிக்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். அந்தக் கற்பனை இன்று கணக்கெடுப்பாகிவிட்டது. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தனர் என்று மதிப்பிட்டுள்ளனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று வகுப்பாகப் பிரித்தது. தாராளமாகக் கிடைக்க வேண்டியவற்றில் அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் இருக்கின்றன. கவனத்தோடு கையாள வேண்டியவற்றில் அசித்ரோமைசினும் லெவோஃப்ளாக்சசினும் இருக்கின்றன. நம் கடைக்காரர் அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டார் போலும்.

லெவோஃப்ளாக்சசின் பெயரைக் கேட்டாலே எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்துவிடும். விடாத இருமல். மருந்துக்கடையில் கேட்டு, இந்த வகை மாத்திரையை ஐந்து நாள் விழுங்கினார். இருமல் தணிந்தது. மகிழ்ந்தோம். ஒரு மாதத்தில் திரும்ப வந்தது, அதே மாத்திரை, மீண்டும் தணிந்தது. மூன்றாம் முறை சளியில் இரத்தம் கண்ட பிறகே ஆய்வுக்குக் கொண்டுபோனோம். காசநோய். ஃப்ளோரோகுவினோலோன்கள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். ஒழிக்காது, ஒளித்துவைக்கும். பெரியப்பா ஆறு மாத மருந்தில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சில மாதங்களும் அவர் மடியில் உட்கார்ந்து கதை கேட்டது என் தம்பியின் இரண்டு வயது மகள். அவளையும் ஆய்வுக்குக் கொண்டுபோன நாளை நான் மறக்கவில்லை. நல்ல வேளை, அவளுக்கு ஒன்றுமில்லை. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் இருக்கும்போது, இந்த மாத்திரையை இருமலுக்கு எடுத்துக் கொடுப்பது எனக்குச் சிறு பிழையாகத் தெரியவில்லை. தசைநாண் அறுந்துபோகக்கூடும் என்று 2008லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் இக்குடும்பத்துக்கு எச்சரிக்கை இட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொரோனாக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அசித்ரோமைசின் வீட்டுக்கு வீடு புகுந்தது. வைரஸ் நோய்க்கு அது எதற்கு என்று கேட்டவர்களை ஈவிரக்கமற்றவர்களைப்போலப் பார்த்தார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகளில் சேர்ந்திருந்த 7,763 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்துப் பார்த்து 2021இல் முடிவு வந்தது. அசித்ரோமைசின் பெற்றவர்களில் இறந்தோர் 22 விழுக்காடு. பெறாதவர்களில் இறந்தோரும் 22 விழுக்காடு.

என் கருத்தை மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பொருளும் உண்டு. என் நண்பரான மருத்துவர் ஒருவர், "நிமோனியாவில் மைக்கோபிளாஸ்மா என்றொரு கிருமி உண்டு. அதற்குச் செல்சுவரே கிடையாது. இல்லாத சுவரை உன் அமாக்சிசிலின் எப்படி இடிக்கும்?" என்று மடக்குவார். உண்மைதான். அதற்கு டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அப்படியே. "நிமோனியாவா இல்லையா என்று பார்க்க எக்ஸ்-கதிர்ப் படம் இல்லாத ஊரில், வாசலில் எண்பது பேர் காத்திருக்க, ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் நான் துணிந்து வெறுங்கையோடு அனுப்பி, அவர் செத்துப்போனால்?" என்பார். இதற்கு என்னிடம் எளிதான விடை இல்லை. அவர் இடத்தில் நானிருந்தால் நானும் எழுதிக் கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அச்சத்தில் எழுதும்போதும் அமாக்சிசிலினை எழுதலாமே என்பதுதான் என் வாதம். நிமோகாக்கஸுக்கு அது போதும், இரண்டு மூன்று நாளில் மீண்டும் வரச் சொல்லிப் பார்க்கலாம், பலிக்காவிட்டால் மாற்றலாம். முதல் அடியிலேயே ஆயுதக் கிடங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை.

எத்தனை நாள் விழுங்குவது என்பதிலும் கருத்து மாறி வருகிறது. மிதமான நிமோனியாவில் நோயாளி தேறிவரும்போது எட்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் மருந்தே போதுமென 2006இல் நெதர்லாந்திலும் 2021இல் பிரான்சிலும் வந்த ஆய்வுகள் காட்டின. அதற்காக நீங்களே மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட வேண்டா. அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காசநோயில் பாதியில் நிறுத்துவது பேராபத்து.

இப்போது அந்த மாணவனிடம் திரும்பி வருகிறேன். அன்று நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டியவை: அப்பாவுக்குக் காய்ச்சல் எத்தனை நாளாக? மூச்சு விடும்போது நெஞ்சில் குத்துகிறதா? சளியில் இரத்தம் உண்டா? பேச்சு குழறுகிறதா? இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால், மருந்துக்கடை வாசலில் நிற்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே அதற்குக் காசு வாங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அப்பா ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், ஒரு நிமிடத்தில் மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். நலமான பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 30ஐத் தொட்டால் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் கையில் கடிகாரம் கட்டியிருந்தான், நன்றாக நினைவிருக்கிறது. பேருந்துக்கு மணி பார்த்ததே அதில்தான்.